சுழல் கடந்த பின் எழும் தூசி

கண்ணு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியாது. அடுத்த அறையில்தான் இருக்கிறாய். பெட்டியைத் திறப்பதும் மூடுவதும், தூக்கி எடை பார்ப்பதும், நான் வைத்த பருப்புப்பொடியை எடுத்து வெளியே வைப்பதுமாக இருக்கிறாய். வெளியே வைத்ததை உன் அப்பா மறுபடி துணிகளுக்கு அடியில் செருகிவிட்டார், ஜெர்மனியில் போய்ப் பார்த்துக்கொள். நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை முடித்துவிடுகிறவனிடம் எதை நேரில் சொல்வது? எழுதியதை அப்படி முடிக்க முடியாது. விமானத்தில் எழுந்து போகவும் இடமில்லை. ஆகவே பொறுமையாகப் படி. நீ கிளம்பும் நாளில்தான் கம்பெனியில் கஸ்டமர் ஆடிட் வருகிறது, லைனில் நிற்கிற யாருக்கும் அன்றைக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா மட்டும் பெங்களூர் விமான நிலையம் வரை வருவார். நான் வராததற்குச் சமாதானம் சொல்ல இதை எழுதவில்லை. உன்னை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்படுகிறேன் என்பதை ஒரு தடவையாவது சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

நம் தெருவில் எல்லாருக்கும் நீ டாக்டர் பட்டம் வாங்கியது தெரியும். எதில் வாங்கினாய் என்பதுதான் யாருக்கும் தெரியாது. "உங்க பையன் என்னதான் படிச்சாரு?" என்று கேட்டால் நான் "காத்து படிச்சான்" என்பேன். சிரிப்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. தரையையோ ரெக்கையையோ ஒட்டிக் கிடக்கும் மெல்லிய காற்று அடுக்குக்கு எல்லைப்படலம் என்று பெயர் என நீ தமிழில் சொன்னபோது, ஓசூர்க்காரிக்கு எல்லை என்றால் ஜூஜூவாடி செக்போஸ்ட்தானே ஞாபகம் வரும் என்று உன்னைக் கேலி செய்தேன். ஆனால் இதெல்லாம் உன் தலைக்குள் எப்போது புகுந்தது என்று யோசித்துப் பார்த்தால், நீ பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஒருநாள் நாற்காலி மேல் ஏறி நின்று கேட்டது நினைவுக்கு வருகிறது. "ஃபேன் இவ்ளோ வேகமா சுத்துது, அப்புறம் எப்படிம்மா ரெக்கையில தூசி ஒட்டியிருக்கு? காத்துல பறந்து போயிருக்கணும் இல்ல?" நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். "உங்கப்பா தொடைக்கல, அதான்" என்று சொன்னேன். அது தவறான பதில் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அப்பா அன்றைக்கு ஃபேனைத் துடைத்தார், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நாளை உன் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்குப் புரிய வேண்டும். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவில் பிறந்து, தெலுங்கும் தமிழும் கலந்து பேசி வளர்ந்து, கல்யாணமாகி ஓசூர் வந்து, நீ மூன்றாம் வகுப்புப் போன வருடம் நான் பெயின்ட் ஷாப்பில் சேர்ந்தேன். பைக்குக்கு டேங்க் செய்யும் கம்பெனி அது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டேங்கையும் பிசுபிசுப்பான துணியால் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி இருந்தாலும் பெயின்டுக்கு அடியில் அது கடுகு மாதிரி எழும்பி நிற்கும். அந்த டேங்கைச் சுரண்டி, தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். அதனால் துடைக்கும் அறைக்குள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, காலுக்கு உறை. தலையில் வைத்து வந்த பூவைக்கூட வாசலிலேயே லாக்கர் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். சாயங்காலம் வரும்போது அது வாடியிருக்கும், ஆனாலும் எடுத்து வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவோம்.

நான் மேசையில் டேங்கைத் துடைப்பேன். துடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய்த் தெய்வானை கையில் கொடுப்பேன். அவள் அதை நகரும் கொக்கியில் மாட்டுவாள், அது நேராகப் பெயின்ட் அறைக்குள் போகும். தெய்வானை கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கான்ட்ராக்டில் வேலை செய்கிறவள். முன்பெல்லாம் என் மேசை அவள் கொக்கிக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாங்க வருகிறவர்கள் நின்று பார்ப்பதற்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள் பார், அப்போது மேசையை அறையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு டேங்கையும் தூக்கிக்கொண்டு நாங்கள் குறுக்கே நடந்தோம். துடைத்த டேங்க் எவ்வளவு குறைவான நேரம் திறந்த இடத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டு, 'விரைந்து நடக்கவும்' என்று சுவரில் ஒரு போர்டும் மாட்டினார். நியாயமான யோசனை போலத்தான் இருந்தது. நானும் விட்டுக்கொடுப்பேனா? என் வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. புதிதாகச் சேருகிறவர்களிடம் "அந்த அக்கா நடக்கறதப் பாரு, கத்துக்கோ" என்பார் சூப்பர்வைசர். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மேசை மாறிய பிறகு பெயின்டில் தூசி வர ஆரம்பித்தது. தூசி வந்ததால் எங்களை இன்னும் விரைவாக நடக்கச் சொன்னார்கள். நடந்தோம். தூசி கூடியது. பயத்தில் சிலர் ஓடவே செய்தார்கள். மேலேயிருந்து வரும் காற்றைக் கூட்டினார்கள், அதற்கும் தூசி குறையவில்லை. கடைசியில் ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். துடைத்து முடித்ததும் மேசையிலேயே விளக்கு வைத்துப் பார்த்தால் டேங்க் சுத்தமாக இருந்தது, கொக்கியில் ஏறிய பிறகு பார்த்தால் தூசி இருந்தது. தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் பல பேர், வாங்கி மாட்டுகிறவள் ஒருத்திதான், தெய்வானை. அவள் தலைமுடியில் இருந்து வருகிறது என்றார்கள், புது உறை கொடுத்தார்கள். பவுடர் போடாதே என்றார்கள், நிறுத்தினாள். திருநீறு வைக்காதே என்றார்கள், அதையும் நிறுத்தினாள். "இன்னும் என்னத்தக்கா விடணும் நான்? மூச்ச விடாம இருக்கவா?" என்று என்னிடம் கேட்டாள். மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய். பர்கூரில் இன்ஜினீயரிங் முடித்துப் பெங்களூரில் காற்றோட்டம் பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தாய், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் ஆலையில் தூசிப் பிரச்சினை என்று அவர்களைக் கூப்பிட்டதும் உன்னை அனுப்பிவிட்டார்கள். எங்கம்மா அங்கேதான் வேலை செய்கிறார் என்று நீ முன்னாலேயே சொன்னாய். "நல்லதாப் போச்சு, இடம் பழக்கமா இருக்கும்" என்று உன் முதலாளி சொன்னாராம். அவருக்கு வேண்டியது வேறு. பெரிய ஊதுகாற்று இயந்திரம் ஒன்றை எங்கள் தலையில் கட்ட வேண்டும், நீ அதற்கு ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். நீயோ வந்து தரையில் மல்லாக்கப் படுத்தாய். என் மகன் முதல்முறை என் ஆலைக்கு வருகிறான், எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், நீ வெள்ளை உடுப்போடு தரையில் படுத்துக்கொண்டு எங்கள் காலுக்குக் கேமரா வைக்கிறாய். தட்டையாக ஒரு வெளிச்சத்தைத் தரையோடு ஓடவிட்டு, "நீங்க எப்பவும் நடக்கற மாதிரி நடங்க" என்றாய். நான் எப்போதும் நடப்பதைவிடக் கொஞ்சம் நன்றாகவே நடந்து காட்டினேன்.

ரிப்போர்ட் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் வீட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஹாலில் விளக்கை அணைத்தாய். என் முகப்பவுடரை டைல்ஸ் மேல் தூவினாய். டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்தாய். அப்பா சோபாவில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டாய், பவுடர் அசையவில்லை.

"பாரும்மா. தரைய ஒட்டியிருக்கற காத்து நகராது. அதுக்கு மேல இருக்கறது லேசா நகரும். அதுக்கும் மேல இன்னும் கொஞ்சம். அந்த மெல்லிசான அடுக்குக்குள்ள தூசி படுத்திருக்குது. மேல என்ன காத்தடிச்சாலும் அதுக்குத் தெரியாது."

"அப்ப எப்படி எழுந்திரிக்குது?"

"இப்ப நடந்து போ. ஆலையில நடக்கற மாதிரி."

நடந்தேன். சுவர் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். நான் கடந்து போன இடத்தில், நான் போய்ச் சேர்ந்த பிறகு, டார்ச் வெளிச்சத்தில் பவுடர் நாக்கு நாக்காக எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே இல்லை. என் காலும் அங்கே இல்லை. ஆனால் எழுந்தது.

"நீ கால வேகமா எடுக்கறப்ப பின்னாடி காத்து சுருண்டுக்குதும்மா. அந்தச் சுழல் தரைக்கு மேல உருண்டு போகுது. போற வழியில ஒரு பக்கம் அழுத்தம் கொறையுது, அடுத்த பக்கம் ஏறுது. கீழ இருக்கற காத்து மெதுவானது, அந்த ஏத்தத்துல போக அதுக்குப் பலம் இல்ல. நிக்குது. பின்னாடி திரும்புது. எங்கயும் போக வழியில்லாம மேல பொங்கிடுது. சுழல் தாண்டிப் போன அப்புறம்தான் பொங்கும். அதான் நடக்கறவங்களுக்குத் தெரியறதில்ல."

மெதுவாக நடக்கச் சொன்னாய். மெதுவாக நடந்தேன். பவுடர் எழவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. டேங்கைக் கொடுத்துவிட்டு நான் திரும்பிப் போய்விடுகிறேன். அதற்குப் பிறகு எழும் தூசி, டேங்கோடு நிற்கிற தெய்வானை கையில் இறங்குகிறது.

"எல்லாரும்தானே வேகமா நடக்கறோம்?" என்று கேட்டேன்.

"எல்லாரோடதும் பாத்தேம்மா. உனக்குப் பின்னாடிதான் ரொம்ப எழும்புது."

நான் சமையலறைக்குப் போய் ரவை உப்புமா கிண்டினேன். உனக்கு உப்புமா ஆகாது என்பது எனக்குத் தெரியும். நீயும் எதற்கு அது என்று புரிந்துகொண்டு தட்டைக் காலி செய்தாய். அப்பாதான் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "ஒரு ஆபரேட்டர்னு சொன்னாப் போதாதா? பேரு சொல்லியே ஆகணுமாப்பா?" நீ "கேட்டா சொல்லணும்பா" என்றாய். அவ்வளவுதான். என்னிடம் நீ அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்னை அந்த இக்கட்டில் நீ நிறுத்தாமல் உன் மேலேயே போட்டுக்கொண்டாய் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் மீட்டிங்கில் பிளான்ட் மேனேஜர், சூப்பர்வைசர், உன் முதலாளி மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். லைனில் இருந்து எங்களில் சிலரைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். தெய்வானை என் பக்கத்தில் நின்றாள், அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. நீ வீடியோவைப் போட்டாய். முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. வெள்ளை உடுப்பு, வெள்ளை உறை, யார் கால் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கால் விசுக்கென்று கடந்து போனது. வெளிச்சத்தில் தரை சும்மா கிடந்தது. பிறகு தூசி மெல்ல எழும்பி, வளைந்து, திரை முழுக்கப் பரவியது. அறையில் யாரோ "அய்யோ" என்றார்கள். மேனேஜர் மைசூர்ப் பக்கத்துக்காரர், கோபம் வந்தால் கன்னடம்தான். "ஈ காலு யாரது?" இந்தக் கால் யாருடையது என்று கேட்டார். நீ பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "தெய்வானையாத்தான் சார் இருக்கும். நான் அப்பவே சொன்னேன்."

தெய்வானை என் கையைப் பிடித்தாள். நீ ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"இல்ல சார். அது எங்கம்மா. இந்த லைன்லயே வேகமா வேலை செய்யறவங்க அவங்கதான். தெய்வானை அக்கா நிக்கற எடத்த விட்டு நகர்றதே இல்ல. மத்தவங்க கெளப்பிவிட்ட தூசி அவங்க கைக்கு வருது."

கண்ணு, அந்த அறையில் எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு முகம் சுட்டது. ஆனால் நீ அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் யாராவது 'உங்கம்மா யாரு' என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவாயே, அதே குரல். குற்றத்தை என் மேல் வைக்கிறாய், அதைச் சொல்லும்போதுகூட உன் தலை நிமிர்ந்துதான் இருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்து, "என்னம்மா சொல்றீங்க?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "காலு என்னுதுதாங்க சார். வேகம் உங்களுது. போர்டு பாருங்க" என்றேன்.

அவர் உடனே, அப்படியானால் என்னை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். நிரந்தரமோ கான்ட்ராக்டோ, யாரையாவது ஒருத்தரை எடுத்தால் சரியாகிவிடும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. நீ விடவில்லை. "யார மாத்தினாலும் இதே தூரம், இதே வேகம்தான் சார் நடப்பாங்க. நீங்களே ஒருதடவ நடந்து பாருங்க" என்றாய். உன் முதலாளி உன் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. மேனேஜரும் ரோஷக்காரர்தான், கீழே வந்தார், உடுப்பு மாட்டினார், உறை மாட்டினார், டேங்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திரையில் அவருக்குப் பின்னாலும் தூசி எழுந்தது. என்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகம் என்றுகூட எனக்குத் தோன்றியது, நல்ல கனமான மனிதர். பிறகு மெதுவாக நடந்து பார்த்தார். எழவில்லை. "மேசைய யாரு அங்க போட்டது?" என்று சூப்பர்வைசரிடம் தமிழில் கேட்டார். கோபம் இறங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது.

அந்த வாரமே மேசை கொக்கிக்குப் பக்கத்தில் திரும்பி வந்தது. ஷிப்டுக்கு ஒருமுறை தரையை ஈரத்துணியால் துடைக்க ஏற்பாடாயிற்று. போர்டைக் கழற்றினார்கள். தெய்வானையை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது, பிறகு அவளை நிரந்தரமும் செய்தார்கள். பெரிய இயந்திரம் தேவையில்லை என்று நீ சொல்லிவிட்டதால் உன் முதலாளிக்கு வியாபாரம் போயிற்று, உனக்கு வேலை போயிற்று. ஊரில் எல்லாரும் "அம்மாவையே மாட்டிவிட்டான், அவன் வேலையும் போச்சு" என்று பேசினார்கள். உன் அப்பாவுக்கு வருத்தம். எனக்கு அப்போதும் வருத்தம் இல்லை, பொய் சொல்லவில்லை. நீ வேலையில்லாமல் வீட்டில் இருந்த நாட்களில் நான் காய்கறி வாங்கப் போனால்கூட நிமிர்ந்துதான் போனேன்.

வேலை போன பிறகுதானே நீ மறுபடி படிக்கப் போனாய். சில வருடங்கள் கழித்துப் பெங்களூரில் உன் ஆய்வகத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாய். நீளமான கண்ணாடித் தொட்டி, அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் மெல்லிய கோடு மாதிரி சிவப்புச் சாயம் படிந்திருந்தது. ஒரு தகட்டைச் சுண்டி நீ ஒரு சுழலை அனுப்பினாய். அது சாயத்தைத் தொடாமல் மேலாகவே உருண்டு போனது. தொடவேயில்லை, நான் உற்றுப் பார்த்தேன். ஆனால் அது தாண்டியதும் சாயம் தடித்து, நிமிர்ந்து, நாக்காக எழுந்து சுருண்டது. அப்படிச் சுருண்ட சின்னச் சுழல், வந்த பெரிய சுழலையே அடியிலிருந்து மேலே தள்ளிவிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னொரு தடவை போடு என்று கேட்டேன். நீ போட்டாய். நான் மறுபடி கேட்டேன். உன்னோடு படிக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள், நீ சிரிக்காமல் ஒவ்வொரு தடவையும் தொட்டியைச் சுத்தம் செய்து மறுபடி சாயம் விட்டாய். எந்த வேகத்தில் போனால் எழும், எந்த உயரத்தில் போனால் எழாது, எவ்வளவு தாமதமாக எழும் என்பதைத்தான் இத்தனை வருடம் பார்க்கிறேன் என்றாய். இதற்கு இத்தனை வருடமா என்று அப்பா கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அந்த அறையில் எத்தனை வருடம் நடந்திருக்கிறேன், எனக்குப் பின்னால் என்ன எழுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லையே.

இனிமேல் நீ வேலைக்குப் போகிற இடத்தில் உனக்குக் கீழே பிள்ளைகள் வேலை செய்வார்கள். உனக்கும் வேகம் வரும், என் ரத்தம்தானே. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு முடிவை எடுத்துவிட்டு, நீ அடுத்த அறைக்குப் போய்விடுவாய். எழுவது பிறகுதான் எழும், எங்கேயோ நகராமல் நிற்கிற ஒருத்தி கையில் போய் இறங்கும். நீ அதைத் திரும்பிப் பார்க்கத் தெரிந்தவன், உனக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அம்மா என்று இருந்தால் ஒரு புத்திமதியாவது சொல்லாமல் விடுவாளா? இன்னொன்று, அங்கே குளிர் என்று சொல்லிக்கொண்டு தலைக்குக் குளிக்காமல் இருக்காதே. உப்புமா செய்யக் கற்றுக்கொள், அவசரத்துக்கு அதுதான் உதவும். யாராவது உன்னை வேலையை விட்டு அனுப்பினால் எங்களிடம் மறைக்காமல் சொல், அது ஏற்கெனவே நமக்குப் பழக்கம்தான்.

நீ போகப்போகிறாய் என்று தெய்வானையிடம் சொன்னேன். டேங்கைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஒங்க மவன் ஒங்க பேரச் சொல்லலைன்னா, இன்னைக்கு நான் எங்கக்கா இருந்திருப்பேன்? எம் பிள்ளைக எங்க இருந்திருக்கும்?" என்றாள். அவள் மூத்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "ரெண்டு பேர்ல யாரு பேரச் சொல்லணும்னு அவன் யோசிக்கவே இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

நீ விமானம் ஏறும் நேரத்தில் நான் ஷிப்டில் இருப்பேன். மேசை இங்கே, கொக்கி இங்கே, நடுவில் நானும் தெய்வானையும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆடிட்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கண்டிப்பாக அழுவேன், எனக்கு என்னைத் தெரியும். யாராவது ஏன் என்று கேட்டால் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த அறையில் தூசி இல்லாமல் நீதான் செய்துவிட்டாய். அதனால் உண்மையையே சொல்லிவிடுவேன். என் மகன் போகிறான் என்று சொல்வேன்.

அம்மா